ஏழும் ஐந்தும் பதினொன்று

சட்டையை மடிப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காலர் மேலே நிற்க வேண்டும், பொத்தான்கள் போட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் மூட்டைக்குள் கிடந்த சட்டை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எங்கள் மறுவாழ்வு இல்லத்தின் பொருளறையில் ஆறு வருடமாக நான் பார்த்த வேலை அதுதான். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. எழுதுகிறேன்.

போதையை விடச் சேர வருகிறவர் முதலில் என்னிடம்தான் வருவார். உடை, செருப்பு, பர்ஸ் எல்லாவற்றையும் வாங்கித் துணிப்பையில் கட்டி, எண் போட்டு அடுக்குவேன். வீட்டுக்குப் போகிற நாளில் அதே பையைத் திருப்பிக் கொடுப்பேன். வாங்கும்போது தையல் வரைக்கும் தடவிப் பார்ப்பேன். காலருக்குள்ளிருந்தும் பெல்ட்டின் உள்பக்கத்திலிருந்தும் போதைத்தூள் பொட்டலம் வரும். வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னிலையில் அவற்றைத் தண்ணீரில் கரைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.

யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்கில்லை. போகிற நாளில் எல்லோரும் அழுவார்கள், சத்தியம் செய்வார்கள். அடுத்த மாதம் அதே முகம் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். பாம்பென்று தாண்டவும் முடியாது, பழுதென்று மிதிக்கவும் முடியாது. என் தங்கையின் கணவரே மூன்று தடவை அப்படி வந்து நின்றார். ஒவ்வொரு தடவையும் தங்கை ஒரே கேள்விதான் கேட்பாள். "அண்ணா, இந்தத் தடவையாவது நிஜமா விட்டுட்டாரா? உனக்குத் தெரியாமலா இருக்கும்?" எனக்குத் தெரியவில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

முதலில் நடந்தது வெறும் கவனப்பிசகு. ஒரு பெயின்டரின் பேன்ட் மடிப்பில் இருந்த பொட்டலம் என் கையில் தட்டுப்படவில்லை. வீட்டுக்குப் போன மறுநாள் அவர் திரும்பி வந்தார்.

"சார், உங்க கழுகுக் கண்ணுக்கே தப்பிச்சிருக்கு பாருங்க. நேத்து பூரா இதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். முதல்ல வாங்கிக்குங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இல்லத்தில் நான் முழுசாக நம்பிய முதல் மனிதர் அவர்தான்.

அதற்குப் பிறகு எதுவும் என் கையில் தட்டுப்படாமல் போகவில்லை. எடுத்ததை, போகிற நாளில், எடுத்த இடத்திலேயே வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் தண்ணீரில் கரைந்தது என் முகப்பவுடர். டாக்டர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

யாருக்கும் நான் போதைப்பொருள் கொடுக்கவில்லை. அவரவர் பொருளை அவரவரிடம் சேர்த்தேன். பொன்னை உரைத்துத்தானே பார்க்கிறோம்? பெயின்டரையும் சேர்த்துப் பதினொரு பேர். ஏழு பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பேக்கரிக்காரர் ஒருவர் கோபமாக, "ஒழுங்கா சோதிக்கத் தெரியலைன்னா எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்டார். சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன். அவர் மனைவிக்கு நானே ஃபோன் செய்து இனி பயமில்லை என்றேன். எந்த டாக்டராலும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

ஐந்து பேர் கொண்டுவரவில்லை.

அவர்கள் இறந்தது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். இரண்டு மூன்று நாளில் காதுக்கு வந்துவிடும். எதனால் என்பதும் தெரியும். மூன்று மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சு நின்றுவிடும் என்று திங்கட்கிழமை வகுப்பில் டாக்டர் தவறாமல் சொல்வார். அந்த வகுப்புக்கு நாற்காலி போடுவது நான். ஆறு வருடமும் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர்கள் எப்படியும் வெளியே தேடிப் பிடித்திருப்பார்கள். மறுபடி எங்கள் கட்டிலில் வந்து படுத்திருப்பார்கள். திருந்தப்போகிற ஒருவர் அந்தக் கட்டிலுக்காகக் காத்திருந்தார். எங்கள் பகுதியில் போதையால் சீரழிகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று போன வருடம் இல்லத்துக்குப் பாராட்டுக் கடிதமே வந்தது.

ஏழும் ஐந்தும் பன்னிரண்டாயிற்றே, கணக்கு உதைக்கிறதே என்று நேற்று கேட்டீர்கள். உதைக்கவில்லை, ஐயா. ஒருவரை இரண்டு பக்கமும் எண்ண வேண்டும்.

என் தங்கையின் கணவர், மூன்றாவது சிகிச்சை முடிந்து பையோடு வீட்டுக்குப் போன அன்று மாலையே ஓடி வந்தார்.

"மச்சான், சட்டைப்பையில இருந்துச்சு. கையில வெச்சிருக்கவே பயமா இருக்கு. பிடிங்க."

வாங்கிக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். அத்தனை வருடம் எனக்குப் பிடிக்காத மனிதர், அன்று சொந்தத் தம்பி மாதிரி இருந்தார். தங்கைக்கு ஃபோன் செய்து, "மாப்பிள்ளை விட்டுட்டார்மா. நான் பொறுப்பு" என்றேன். அவள் ஃபோனிலேயே அழுதாள்.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. பையைக் கட்டுகிறவன் நான், அவருடைய மைத்துனன். வைத்தது நான்தான் என்று ஊகித்து, என்னிடம் நல்ல பேர் வாங்கத்தான் ஓடி வந்தாரோ? அப்படியானால் தங்கைக்கு நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மாப்பிள்ளைதான் பரிமாறினார், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தினார். கை கழுவப் போகிற வழியில், ஆணியில் தொங்கிய அவருடைய வேலைச் சட்டைக்குள் அதே பொட்டலத்தை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தங்கை ஃபோன் செய்தாள்.

"விட்டுட்டார்னு நீதானேண்ணா சொன்ன?"

அதோடு ஃபோனை வைத்துவிட்டாள். மேலே கேட்டிருந்தாலும் உங்களிடம் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த இரண்டாவது பொட்டலத்தையும் அவர் கொண்டுவந்து கொடுத்திருந்தால், சத்தியமாக, அதற்குப் பிறகு அவரை நான் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேன்.