சகலை வீட்டுப் புகை

திருமலைராயன்பட்டினம் செல்லும் மாலை ஐந்து இருபது பேருந்தில், இடப்பக்கம் நான்காவது இருக்கை எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் பட்டினச்சேரி மீனவர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பாலம் தாண்டியதும் நீலச் சட்டைக்காரர் சொன்னார்:

“அவன் வீட்டுப் புகைக்கு என் பொண்டாட்டி ஜன்னலத் தொறந்து வைக்கிறா மச்சான்.”

“எவன் வீட்டுப் புகை?”

“என் சகலைதான். சிங்கப்பூர்லேருந்து வந்து அடுத்த வீட்டுல இருக்கான்ல. இரும்பு டிரம்முல அடியில கரியப் போட்டு, மேல மீனத் தொங்கவிட்டு, மூடி வச்சுப் புகையிலயே வேகவைக்கிறான். ஞாயித்துக்கெழம ஆனா மாமனாரு அங்கதான்.”

“நீயும் ஒண்ணு செய்யறதுதானே?”

“செஞ்சேனே. நம்ம படகுக்கு டீசல் வாங்குற டிரம்ம மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவி, வெட்டி, கம்பி மாட்டுனேன்.”

“டீசல் டிரம்மா! டீசல் வாடை போக உள்ள வைக்கோலப் போட்டு எரிச்சியா?”

“அதத்தான் அவனும் சொன்னான். அவன் சொல்லி நான் செய்யணுமா?”

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்.

“சரி, மாமனாரு சாப்புட்டாரா?”

“நேத்து கூப்புட்டு கானாங்கெளுத்தி மீனப் புகையில வேகவச்சு வச்சேன். ஒரு வாய் வச்சாரு. ‘மாப்ள, இஞ்சின் பக்கத்துல ஒக்காந்து சாப்புடுற மாதிரி இருக்கு’ன்னாரு.”

“துப்பிட்டாரா?”

“முழுங்கிட்டாரு. வாய் கொப்புளிக்க சகலை வீட்டுக்குப் போயிட்டாரு.”

“ஒன் வீட்டுல தண்ணி இல்லயா?”

“கொடம் கொடமா இருக்கு. வழித்துணைக்குன்னு என் பொண்டாட்டியும் கூடவே போனா. அடுத்த வீட்டுக்கு என்ன மச்சான் வழித்துணை?”