கஞ்சி வரிசையில் பெரட்டு

டொம். மேற்கே. எண்ணத் தொடங்குகிறேன். ஒன்று. இரண்டு. பத்துக்குள் ஷெல் விழுந்துவிடும்.

2009. மாசி மாதம். காலை. வன்னிக் கடற்கரை, மாத்தளன் மணல். கஞ்சிக் கிடாரத்துக்கு முன்னால் வரிசை. என் மகள் செல்வி ஐந்தாவது ஆள். பத்தொன்பது வயது. நான் பதுங்குகுழி வாசலில் நிற்கிறேன். உள்ளே என் கணவர் மாணிக்கம். தொடையில் காயம். இரண்டு நாளாகப் பட்டினி. அந்தக் கஞ்சி அவருக்கு.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

வன்னிச் சனம் கத்துகிறது. விழுந்து படுக்கிறது. மலைநாட்டு ஆட்கள் நாலைந்து பேர் மட்டும் நின்றபடியே நிற்கிறார்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். நானும் மலைநாட்டில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகள் எரிந்தன. வடக்கே ஓடினோம். காடு வெட்டிக் குடியிருந்தோம். தோட்டம் மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். கங்காணி கூப்பிடும்போது ஆள் இடத்தில் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, அடுப்பும் இல்லை. மழை கொட்டினாலும் நகரக் கூடாது. செல்வி தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் புத்தியை அவளுக்கு ஊட்டியவள் நான்.

மூன்று. நான்கு. செல்வி குனிகிறாள். முந்தின நாள் பாதி வரிசையிலேயே கிடாரம் காலி. எனக்குக் கஞ்சிதான் கண்ணில் தெரிந்தது.

"எடத்த விட்றாதடி! நில்லு!"

என் வாய்தான் கத்தியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றாள். ஆறு. ஏழு. நான் குழிக்குள் குதித்தேன். ஆமாம், நான் குதித்தேன்.

எட்டில் விழுந்தது.

இப்போது மறுபடியும் மடுல்சீமை. கொழுந்து எடுக்கிறேன். பெரட்டில் நிற்க முடியவில்லை. கால் தானாக நடக்கிறது. "அக்கா, ஒரு எடத்துல நில்லுங்களேன்" என்று கங்காணி கெஞ்சுகிறார். பாவம், நல்ல மனிதர். அவர்மேல் எரிந்து விழுகிறேன்.

போன மாதம் பதுளைக்குப் போனேன். ஓர் அலுவலகம். போரில் இழந்ததைப் பதிகிறார்கள். எழுதியவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"என்னென்ன இழந்தனீங்கள், அம்மா?"

சொன்னேன். காணி ஒரு ஏக்கர். மண்வீடு. பசு இரண்டு. சைக்கிள் ஒன்று. கணவர் மாணிக்கம், அந்தக் காலைக்கு ஒன்பது நாள் கழித்து, புண் அழுகி. மகள் செல்வி.

"மகள் எப்பிடித் தவறிப்போனவ?"

"ஷெல்லு."

எழுதினார்.

"அது மட்டும் இல்லீங்க. படுக்கப் போன பிள்ளைய நான்தான் நிக்கச் சொன்னேன். அதையும் எழுதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கு இதில இடமில்லை, அம்மா."

உயிர் இரண்டு என்று கூட்டிப் போட்டார். தாளை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.