அந்தப் பக்கத்து ஆள்

இரவு இரண்டேகால். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அரை கிலோமீட்டர் சாலை. ஒரே ஒரு விளக்கு... அந்தச் சாலையில் தனியாக ஓடியவர் என் நண்பனின் மச்சான். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை. கேபிளில் பேய் வந்த கதை. நண்பன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“கேபிள்ல பேயா? ஷாக் அடிக்குமே பாவம், அதுக்கு!”

இப்படித்தானே கேட்கிறீர்கள்? சிரியுங்கள். கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து சிரியுங்கள்...

புதிய கட்டடத்தில் ஒரு சுவிட்ச். கேபிள்கள் வந்து சேரும் பெட்டி அது. பழைய கட்டடத்தில் இன்னொன்று. இரண்டையும் இணைப்பது ஒரே கேபிள். அது இரண்டு முறை செத்து, ஆபீஸே நின்றுபோனது.

“இன்னொரு தடவை நின்னா நீங்க வீட்டுக்குக் கிளம்பிடலாம்” என்றார் மேனேஜர்.

அதனால் இரண்டாவது கேபிள் இழுத்தார்கள். இரண்டையும் ஜோடி சேர்த்தால் ஒரே கேபிள் மாதிரி வேலை செய்யும். ஒன்று செத்தால் மற்றது எல்லாவற்றையும் சுமக்கும். ஒரு நிபந்தனை. இந்தப் பக்கத்து சுவிட்ச் ‘சேரலாமா?’ என்று கேட்கும். அந்தப் பக்கத்து சுவிட்ச் ‘சேரலாம்’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராத கேபிள் ஜோடியில் சேராது.

இந்த வேலைக்கு எப்போதும் பக்கத்துக்கு ஓர் ஆள். அந்தப் பக்கம் நிற்பவன் சோடாபுட்டி. பத்து வருடக் கூட்டாளி. கேபிளைச் சொருகியதும் இரண்டு முறை பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவான். இங்கே பச்சை விளக்கு இரண்டு முறை அணைந்து எரியும். ‘நான் இருக்கேன்டா’ என்று அர்த்தம்.

போன மாதம் அவன் தூக்கத்திலேயே போய்விட்டான். மாற்று ஆள் எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் மச்சான்தான்.

அன்றிரவு இரண்டாவது கேபிளின் இந்தப் பக்கத்து நுனியைச் சொருகி முடித்தார். ஏசிக் குளிர். பெட்டிக்குள் விசிறியின் உர்ர்... பழக்கதோஷத்தில், “சொருகுடா டேய்” என்றார். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இரண்டாவது கேபிளின் விளக்கு பச்சையாக எரிந்தது.

அணைந்தது. எரிந்தது. அணைந்தது... எரிந்தது.

திரையைப் பார்த்தார். ஜோடி சேர்ந்திருந்தது. பதில் வந்திருந்தது.

ஓடினார். சாலை முழுக்க அவருடைய செருப்புச் சத்தம் மட்டும். பழைய கட்டடம் பூட்டித்தான் இருந்தது. திறந்தார். உள்ளே தைல வாசனை... குளிர் தாங்காமல் சோடாபுட்டி நெற்றியில் தேய்க்கும் அதே தைலம்.

இரண்டாவது கேபிள் தரையில் சுருண்டு கிடந்தது. நுனியில் மாட்டிய பிளாஸ்டிக் மூடியைக்கூட யாரும் கழற்றவில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் கேபிளின் விளக்கு துடித்து... அணைந்தது. செத்துவிட்டது.

காலையில் ஆபீஸ் திறந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஓடியது, அந்தச் சொருகாத கேபிளில். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு வருடமாகிறது. முதல் கேபிளை மாற்றியாகிவிட்டது. இரண்டாவது இன்னும் தரையில்தான் கிடக்கிறது. வேலை இருக்கிறதோ இல்லையோ, இரண்டேகாலுக்கு அந்தப் பச்சை விளக்கின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம் மச்சான்.

“அதைச் சொருகித் தொலைக்க வேண்டியதுதானே மச்சான்?” என்று என் நண்பன் கேட்டிருக்கிறான்.

மச்சான் சொன்னாராம்:

“சொருகிட்டா... அந்தப் பக்கம் ஆள் வேணாமே மாப்ள.”