கடைசியாக ஒருத்தி

கண்காட்சியில் மூலை ஸ்டால் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வரும். உங்களுக்கு இந்தத் தொழில் பழக்கமில்லை என்பதால் சொல்கிறேன். முன்பெல்லாம் அருங்காட்சியகக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் வாங்கத்தான் இங்கே வருவார்கள். இப்போது பல நாட்டுச் சுற்றுலா நிறுவனங்களும் வந்து குவிகின்றன. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: வேறெங்கும் கிடைக்காதது உங்களிடம் என்ன இருக்கிறது?

என்னிடம் அம்மா இருந்தாள்.

அவள் பிறந்த ஊர் அணைத் தண்ணீரில் மூழ்கியது. அந்த ஊர் மொழியைப் பேச மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். ஸ்டால் முகப்பில் 'கடைசிக் குரல்' என்று பலகை மாட்டி, மேடையில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். கூட்டம் அள்ளியது; அவள் பேச்சைத் தங்கள் இடத்தில் கேட்கவைக்க வந்தவர்கள் போட்டிபோட்டு முன்பணம் கட்டினார்கள். அம்மாவும் முகம் சுளித்ததில்லை. வீட்டில் எங்களோடு எல்லாரும் பேசும் மொழிதான் பேசுவாள். "அங்க வந்தாத்தான் என் பேச்ச நானே கேக்க முடியுது" என்பாள்.

இந்த வருடம் சித்தி வந்தாள். ஊர் மூழ்கியபோது பிரிந்துபோன அம்மாவின் தங்கை. செத்துவிட்டாள் என்றே நினைத்திருந்தோம். யாரோ எடுத்த வீடியோவில் அம்மாவைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான், நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

"நானும் மேடைக்கு வரேன்டா. அக்காவும் நானும் சேர்ந்து பேசினா நல்லா இருக்கும்ல?" என்றாள் சித்தி.

"பலகையில 'கடைசி'ன்னு போட்டிருக்கே, சித்தி."

"அத மாத்தி எழுதேன். பெயிண்டுக்கா பஞ்சம்?"

வேடிக்கையாகப் பேசுவாள். ஆனால் இரண்டு பேர் இருந்தால் மூன்றாவது ஆளும் எங்காவது இருக்கலாம் என்று வாங்க வருபவர்களுக்குத் தோன்றிவிடும். என் பலகை பொய் என்று சொல்ல எதிர் ஸ்டால்காரர் காத்துக்கொண்டிருந்தார். கண்காட்சி முடியும் வரை வெளியே தலைகாட்டாமல் இருக்கும்படி சித்தியிடம் பணிவாகத்தான் கேட்டேன்.

"ஒளிஞ்சு கெடக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றாள்.

ஸ்டால் அமைக்கும் நாளில் இருவரையும் அரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கு பார்த்தாலும் ஆணி அடிக்கும் சத்தம், மரத்தூள். அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு, சித்திக்கு மாடியிலிருந்து அரங்கம் முழுவதையும் காட்டினேன். அந்தப் பக்கம் கைப்பிடி இன்னும் பொருத்தவில்லை. அவள் முதுகில் கை வைத்தேன். தாங்கிப் பிடிக்கப் போனேன் என்று பார்த்தவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இல்லை, தள்ளினேன். வேகமாகக்கூட இல்லை. விழுந்த இடம் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில். அம்மா முதலில் தங்கையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சித்தியின் சாவை விபத்து என்று போலீஸார் எழுதிக்கொண்டார்கள். தரையைக் கழுவிக் கம்பளம் விரித்தார்கள். கண்காட்சி குறித்த நாளில் தொடங்கியது.

அன்றிலிருந்து அம்மா எல்லாரும் பேசும் மொழியைப் பேசுவதில்லை. வருபவர்களுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. மேடையில் என்னைக் கைகாட்டி, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மறுபடி விசாரிக்க வந்த நீங்களும் அதைப் பதிவுசெய்துவைத்துக்கொண்டு பொருள் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அவள் சொல்லித்தர வந்தபோது, இது சோறு போடுமா என்று எழுந்து போய்விட்டேன். இனி கேட்டுச் சொல்லவும் வேறு ஆள் இல்லை.

மகனை வாழ்த்துகிறாள் என்றுதான் கூட்டத்துக்குச் சொல்லிவருகிறேன். பெற்றவள் வேறென்ன சொல்லப்போகிறாள்?