மொட்டை போட்ட முதலாளி

குண்டடத்தில் கிணறு வெட்டும் வேலை பாறை தட்டி நின்றுபோனது. திருப்பூரை நோக்கி நடந்தவன், கால் கடுக்கவே வழியில் பஸ் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு புருஷன் பெண்சாதி. அவள் பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

“ஏனுங்க, என் மூஞ்சியாச்சும் உங்களுக்கு அடையாளம் தெரியுமுங்களா?”

“நீ பேசுனா தெரியும் அம்மிணி. சந்தைக் கூட்டத்துல பேசாம நின்னீன்னா தெரியாது.”

“இத்தனை நாளா ஏனுங்க சொல்லுல?”

“கிறுக்கன்னுவாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குது, ஊசியில நூல் கோப்பேன். மூஞ்சி மட்டும் மனசுல நிக்க மாட்டேங்குது. கம்பெனி கேட்டுல எல்லாரையும் நடையும் குரலும் வெச்சுத்தான் உள்ள உட்டேன். முதலாளிக்குன்னா மீசை. அந்த மீசையைப் பாத்துத்தான் கும்புடு போடுவேன். அவரு பழனிக்குப் போயி மொட்டையடிச்சு, மீசையும் எடுத்துட்டுப் பேசாம வந்து நின்னா? ‘யாருய்யா நீ, தள்ளிப் போ’ன்னு சொல்லீட்டேன்.”

“அதுக்கு வேலைய உட்டுத் தொரத்தறதா? தெரியாத ஆளை உள்ள உடாததுதானுங்க வாட்ச்மேன் வேலை!”

“எனக்குத் திமிராமா. வேணும்னே அவமானப்படுத்துனேனாமா.”

“நாந்தான்னு ஒரு வார்த்தை சொன்னா அவரு வாய் தேஞ்சு போயிருமா? காலைல நான் வந்து கேக்கறனுங்க, அந்த மொட்டையை!”

மறுநாள் காலை திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கேட்டேன். முதலாளி மொட்டைத் தலையோடு வெளியே வந்தார்.

“கேட்டுல நில்லு. என் மூஞ்சியை நல்லாப் பாத்துக்கோ. பழைய வாட்ச்மேனோட பொண்டாட்டி சண்டைக்கு வருவா, உள்ள உடாதே.”

சரி என்று கேட்டில் போய் நின்றேன். அந்த அம்மாளின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.