நடு இடத்தில் உட்கார்ந்தவன்

வான்கோழி வேட்டையில் கஷ்டமான வேலை சும்மா உட்கார்ந்திருப்பதுதான். சுடுவது யாருக்கும் வரும். விடிவதற்கு முன்பே ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மூக்கு நுனியில் கொசு கடித்தாலும் கையைத் தூக்காமல் இருப்பது லேசில் வராது. எங்கள் மூவரில் அது எனக்கு மட்டும்தான் வந்தது. ஹார்லனே சொல்வான். "ஓடெல் ஒரு மரத்தடியில உக்காந்தா, மரம் வேணா எந்திரிச்சுப் போகும்டா, அவன் போக மாட்டான்" என்பான். கேலிதான். ஆனால் பொய் இல்லை.

நீங்கள் வேட்டைக்குப் போவதில்லை என்று சொன்னீர்கள், துணை ஷெரீப். இந்த மாவட்டத்தில் அதை வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள், சிரிப்பார்கள். உங்களுக்காகக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். எழுதுகிறவர் மெதுவாக எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை.

காட்டில் சேவல் கொக்கரிக்கும், பெட்டை அதைத் தேடிப் போகும். நாங்கள் அதைத் தலைகீழாக்குகிறோம். பெட்டைபோலக் குரல் கொடுத்துவிட்டு, போகாமல் உட்கார்ந்துகொள்கிறோம். கொஞ்ச நேரத்தில் சேவலுக்குப் பொறுக்காது. கூப்பிட்டவள் ஏன் வரவில்லை என்று அதுவே இறங்கி வரும். அதிகமாகக் கூப்பிட்டால் காரியம் கெட்டுவிடும். ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஹார்லனுக்கு வாயை மூடத் தெரியாது. மூன்றாமவன் டென்சிலுக்குக் காத்திருக்கத் தெரியாது, புதரில் சிவப்பாக ஏதாவது அசைந்தால் விரல் தானாகப் போய்விடும். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. கூடவே வளர்ந்தவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது இயல்பு.

மூவரும் லிக் ஃபோர்க் ஓடைக்கரையில் பிறந்தவர்கள். ஒரே பள்ளி, ஒரே தேவாலயம், ஒரே மரஅறுவை ஆலை. டென்சில் பெரிய ரம்பத்தடியில் நின்று நின்று காதைக் கெடுத்துக்கொண்டான். இடி கேட்கும், லாரி கேட்கும், பக்கத்தில் சேவல் கொக்கரித்தால் கேட்கும். சன்னமான சத்தம் எதுவும் ஏறாது. அவனோடு பேச வேண்டுமானால் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும். நான் அப்படித்தான் பேசுவேன். மற்றவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

அந்தக் காதுக்காகத்தான் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எங்கள் மலை செங்குத்து. மேலே ஏறவும் இறங்கவும் ஒரே பாதை, அது லாரல் புதர்களுக்கு நடுவே நெளிந்து ஓடைக்கு வந்து சேரும். ஹார்லன் உச்சியில் உட்காருவான். டென்சில் அடிவாரத்தில், ஓடை ஓரம். நான் நடுவில். மேலே இருப்பவன் எழுந்து வர வேண்டுமானால் காக்கைபோல மூன்று முறை கரைய வேண்டும். நடுவில் இருப்பவன் இறங்கிப் போய் டென்சிலின் தோளைத் தட்ட வேண்டும். அவன் துப்பாக்கியைத் தரையில் வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, மேலே கேட்கும்படி இரண்டு முறை கரைய வேண்டும். அந்த இரண்டு வரும்வரை மேலே இருப்பவன் அசையக் கூடாது. இந்த ஏற்பாடு என்னுடையதுதான். நடு இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. சுட்ட சேவலைத் தோளில் போட்டு நடந்தால் அதன் செந்தலை தொங்கி ஆடும், வால் இறகு விரியும். புதருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் கண்ணுக்கு அது உயிருள்ள பறவைதான். அதனால் ஆரஞ்சுத் துணியில் சுற்றித்தான் தூக்கி வர வேண்டும். ஹார்லனின் மனைவி வில்மா அந்தத் துணியைத் துவைத்து, மடித்து, அவன் வேட்டைச் சட்டையின் பின்பையில் வைத்துத்தான் அனுப்புவாள். ஒருநாளும் தவறவிட மாட்டாள்.

போன வசந்தத்துக்கு முந்தின வசந்தம். வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முதல் நாள், வழக்கம்போல லாரியின் பின்கதவைத் தாழ்த்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பன்றிக் கொழுப்பில் வதக்கிய உருளைக்கிழங்கும் காட்டுப்பூண்டும். அதைத் தின்றால் மறுநாள் வரை வாய் நாறும், அதற்காகவே ஒருவரை ஒருவர் ஊதிக்கொண்டு சிரிப்போம். அப்போதுதான் ஹார்லன் சொன்னான், ஒஹையோவில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது, கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடியதும் குடும்பத்தோடு கிளம்புகிறான். டென்சிலுக்கும் அங்கேயே பேசி வைத்துவிட்டானாம். காது கேட்காவிட்டாலும் பரவாயில்லை, பெட்டி தூக்குகிற வேலைக்குக் காது எதற்கு என்றார்களாம்.

டென்சில் என்னைப் பார்த்தான். "அப்ப ஓடெல்?" என்று கேட்டான்.

"இவன் எங்கடா வருவான்?" என்றான் ஹார்லன். "இவனைப் புடுங்குனா மலையே கூட வந்துரும் மாப்ள."

மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்கு அது மிகவும் வலித்தது. இப்போதும் வலிக்கிறது. நினைவு தெரிந்த நாளிலிருந்து கூட இருந்த என்னை ஒரு வார்த்தை கேட்கவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் போக முயற்சி செய்யாமல் இல்லை. வெகுகாலத்துக்கு முன்பு ஒருமுறை அதே ஒஹையோவுக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் தட்டை நிலம். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு வாரம்கூடத் தாங்காமல் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் இங்கேயும் மூச்சு முட்டியது. எங்கள் பள்ளத்தில் வெயில் தாமதமாக இறங்கும், சீக்கிரம் ஏறிப் போய்விடும். தலைக்கு மேலே ஒரு கீற்று வானம், அவ்வளவுதான். வெளியேயும் இருக்க முடியவில்லை, உள்ளேயும் இருக்க முடியவில்லை. ஆனால் ஒரு குழியில் மூன்று பேர் சேர்ந்து இருந்தால் அது குழி இல்லை, வீடு. அதில் இரண்டு பேர் ஏறிப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இதில் நியாயம் இல்லை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் விடியுமுன் என் லாரியில் போகும்போது முன்கண்ணாடியில் பனி படிந்திருந்தது. துடைக்க ஏதாவது கொடு என்று ஹார்லனைக் கேட்டேன். அவன் பின்பையிலிருந்து ஆரஞ்சுத் துணியை எடுத்துக் கொடுத்தான். துடைத்தேன். துணி நனைந்துவிட்டதால் இருக்கைக்கு அடியில் போட்டேன். அவனும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அப்போது என் மனதில் எதுவும் இல்லை. இதை நம்பலாம்.

பொழுது நன்றாக விடிந்த பிறகு உச்சியில் ஒரே ஒரு வெடி கேட்டது. ஹார்லன் ஒரு வெடியோடு நிறுத்தினால் பறவை விழுந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் மூன்று முறை கரைந்தான். அவன் குரலில் சந்தோஷம் தெரிந்தது. காக்கைபோலக் கரையும்போதுகூட அவனால் சந்தோஷத்தை மறைக்க முடியாது.

நான் இறங்கிப் போயிருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தேன்.

மறுபடியும் மூன்று முறை கரைந்தான். பதில் வராவிட்டால் மதியம் வரையிலும் அங்கேயே காத்திருப்பான், அந்த விஷயத்தில் அவன் ஒழுங்கானவன். நான் இருந்த இடத்திலேயே இருந்தபடி இரண்டு முறை கரைந்தேன். மேலே சருகு நொறுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

பாட்டு வேறு பாடிக்கொண்டு வந்தான். ஓடைச் சத்தத்தில் அது கீழே போயிருக்காது. புதருக்கு அந்தப் பக்கம் என்னைக் கடந்து போனான். தோளில் செந்தலை ஆடிக்கொண்டிருந்தது. நல்ல பெரிய சேவல். அவன் கடந்து போனதும் நான் மடியிலிருந்த மரப்பெட்டியை எடுத்தேன். அதன் மூடியை உரசினால் பெட்டையின் குரல் வரும், பெட்டியோடு சேர்த்து ஆட்டினால் சேவலின் கொக்கரிப்பு வரும். ஒரே ஒருமுறை ஆட்டினேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியை நான் தொடவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே ஒரு வெடி கேட்டது. அதன் பிறகு டென்சில் போட்ட அலறலை நான் விவரிக்கப் போவதில்லை. நான் இறங்கி ஓடினேன். ஹார்லனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு டென்சில் உட்கார்ந்திருந்தான். ஹார்லனுக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பேசத்தான் முடியவில்லை.

"காக்கா மாதிரி கத்துனானாடா? உனக்குக் கேட்டுச்சா?" என்று டென்சில் என் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

அவன் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி, நிதானமாகச் சொன்னேன். "ஒண்ணுமே கேக்கலடா. எதிர்க்காத்து."

துணியை எடுக்காமல் போனது ஹார்லனின் கவனக்குறைவு, கரையாமல் இறங்கியது அவசரம், பார்க்காமல் சுட்டது டென்சிலின் குற்றம் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். நீதிமன்றம் டென்சிலின் வேட்டை உரிமத்தைப் பறித்தது. சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைக் காலம் முடியும்வரை மாவட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று மட்டும் சொன்னது. அவனைக் கவனித்துக்கொள்ள யாராவது உண்டா என்று நீதிபதி கேட்டபோது நான்தான் எழுந்து நின்றேன். ஊரே என்னைப் பாராட்டியது.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் டென்சில் என் வீட்டுக்கு வந்துவிடுவான். அவரைக்கொட்டை வேகவைத்து, இரும்புச் சட்டியில் சோள ரொட்டி சுட்டு வைத்திருப்பேன். சேர்ந்து சாப்பிடுவோம். திடீரென்று நிமிர்ந்து அதே கேள்வியைக் கேட்பான். நானும் அதே பதிலைச் சொல்வேன். சில நாள் அவன் முகம் கொஞ்சம் தெளியும், ஏதாவது பழைய கதையைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்வான். அப்போது ஹார்லனின் மகளுக்கு அடுத்த வாரம் பிறந்தநாள் என்றோ, வில்மா இன்னும் அவன் செருப்பை வாசலிலிருந்து எடுக்கவில்லை என்றோ நான் சொல்வேன். நடந்ததை மறப்பது சரியில்லை அல்லவா. அன்று ராத்திரி என் வீட்டிலேயே தங்கிவிடுவான், தனியாகத் தூங்கப் பயமாக இருக்கிறது என்பான். நான் அடுப்பில் விறகு போட்டுக்கொண்டு விழித்திருப்பேன்.

அவனைவிட்டு நான் ஒருநாளும் பிரியவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் யார் இருக்கிறார்கள்?

போன மாதம் அவன் நன்னடத்தைக் காலம் முடிந்தது. அதற்காகவே காத்திருந்தவள்போல வில்மா வந்தாள். என் வீட்டு வாசலில், என் எதிரிலேயே, டென்சிலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அவன் முகத்துக்கு நேரே நின்று பேசத் தெரிந்திருந்தது.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல டென்சில்" என்றாள். "இருந்துச்சு, இப்ப இல்ல. இன்னும் எத்தன காலத்துக்கு இந்தக் குழிக்குள்ளயே உக்காந்திருப்பீங்க? அவரு பாத்துவச்ச வேலை அங்க இன்னமும் இருக்கு. நான் கேட்டுட்டேன். எந்திரிச்சுப் போங்க."

டென்சில் அழுதான். குழி என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள், கொண்டுவந்து கொடுத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் டென்சில் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான். சட்டைகூடப் புதிது. இரண்டு தட்டு சாப்பிட்டான். இத்தனை நாளில் அவன் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

"சனிக்கிழம கெளம்புறேன்டா ஓடெல்" என்றான். "நீ இல்லன்னா நான் என்னைக்கோ தூக்குல தொங்கியிருப்பேன். இத நான் மறக்க மாட்டேன்."

நான் ஹார்லனின் பேச்சை எடுத்துப் பார்த்தேன். அவன் தலையாட்டினான், கண்ணைத் துடைத்தான், ஆனால் கேள்வியைக் கேட்கவில்லை. முதல் தடவையாகக் கேட்கவில்லை. அவன் போன பிறகும் நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். டென்சிலுக்காகத்தான். செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு அவன் ஊர் மாறிப் போவது நியாயமில்லை. உண்மை தெரிந்தால் அவன் மனம் லேசாகும். துணி இன்னும் லாரியில், அதே இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மரப்பெட்டியும் வீட்டில் இருக்கிறது. எதையும் மறுக்க மாட்டேன். ஹார்லனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முக்கிய சாட்சி அவன்தானே. விசாரணை முடியும்வரை டென்சில் மாவட்டத்தைவிட்டுப் போகக் கூடாது, இல்லையா? இங்கே விசாரணைகள் மெதுவாகத்தான் நடக்கும், எனக்குத் தெரியும். சனிக்கிழமைக்கு முன்னால் ஆள் அனுப்பி அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். முகத்துக்கு நேரே நின்று சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவனுக்குக் கேட்காது.

சொன்னால் அவன் என்னைப் பார்க்க வருவான். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.