என் பெயரைப் போட்டு விற்ற கூப்பன்கள்

என் பெயர் பானுமதி, வயது அறுபத்தேழு, கணவர் பெயர் காலஞ்சென்ற பிச்சையா. தாராவி தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தமிழில் எழுதினால்தான் எனக்குப் பிழையில்லாமல் வரும் என்று சொன்னதால், விசாரணை அதிகாரியின் அனுமதியோடு நானே எழுதித் தருகிறேன்.

செம்பூரில் உள்ள ஒரு பெரிய கடை, உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பண்டிகைதோறும் தள்ளுபடிக் கூப்பன் எண்ணைச் செல்போனுக்கு அனுப்பும். ஓர் எண்ணை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். எங்கள் கட்டிடத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் கூப்பனை அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். பாத்திரமும் மெத்தையும் அப்படித்தான் வாங்குவது வழக்கம்.

என்னோடு அதே பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பேச்சிராஜா சென்ற மராத்திப் புத்தாண்டான குடிபாட்வாவுக்கு முன் என் வீட்டுக்கு வந்து, தன் மகள் முத்துச்செல்விக்குக் கல்யாணம் முடிவாகியிருப்பதாகச் சொல்லி, கூப்பன்கள் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அவர் கோவண்டியில் இருப்பதால் எங்கள் கட்டிடத்தில் யாரையும் தெரியாது. நானே வீடு வீடாகப் போய்க் கேட்டு, கிடைத்த எண்களை எல்லாம் அவர் செல்போனுக்கு அனுப்பினேன். என்னுடையதையும் சேர்த்தே அனுப்பினேன். அதன் பிறகு முத்துச்செல்விக்காக அதே கடையின் கிங்ஸ் சர்க்கிள் கிளையில் ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்தேன்.

அதன் பிறகு காவல் நிலையத்திலிருந்து என்னை அழைத்தார்கள். உல்லாஸ்நகரைச் சேர்ந்த கோமல் லால்வானி என்பவர் இணையத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டி வாங்கிய கூப்பன், கடையில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்ததால் புகார் கொடுத்திருந்தார். அந்த விளம்பரத்தை அதிகாரி எனக்குக் காட்டினார். அதில் என் பெயரும், 'ஓய்வுபெற்ற ஆசிரியை, நம்பி வாங்கலாம்' என்ற வரியும் இருந்தன. பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த என் படமும் இருந்தது. அந்தப் படத்தில் என் பக்கத்தில் நின்றவர் பேச்சிராஜா. அவர் இருந்த பக்கம் வெட்டப்பட்டிருந்தது.

கூப்பனை விற்பதே குற்றமா என்று அதிகாரியிடம் கேட்டேன். விற்கக் கூடாது என்பது கடையின் நிபந்தனை, அதை மீறினால் கடை கூப்பனை ரத்து செய்யலாம், ஆனால் இங்கே வழக்கு அதற்கல்ல, ஒரே எண்ணைப் பலருக்கு விற்று ஏமாற்றியதற்கு என்று சொன்னார். நான் இதை இப்படிப் புரிந்துகொண்டேன். வகுப்பில் ஒருவன் தனக்கு இலவசமாகக் கிடைத்த பென்சிலை விற்றால் அவனைக் கண்டிப்போம். அதே பென்சிலை நான்கு பேரிடம் விற்றால் அவன் செய்தது வேறு.

அங்கிருந்தே முத்துச்செல்விக்குப் போன் செய்தேன். அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். "யாருக்குக் கல்யாணம், டீச்சர்?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு, அவள் கேட்டதை அதிகாரியிடம் சொன்னேன்.

அதன் பிறகு பேச்சிராஜாவை அழைத்து வந்தார்கள். விற்பதற்காகத்தான் நான் கூப்பன்களைக் கொடுத்தேன் என்றும், பாதி லாபம் எனக்கு என்றும் அவர் அதிகாரியிடம் இந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "கோவப்படாதீங்க டீச்சர். ஒங்க பேரப் போட்டா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்கல்லா, அதான் போட்டேன்" என்றார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அந்த வார்த்தைகளை நான் அப்படியே இங்கே எழுதியிருக்கிறேன். பணம் எதுவும் என் கணக்குக்கு வரவில்லை. வங்கி விவரத்தைப் பார்த்துக்கொள்ள முழுச் சம்மதம்.

வீடு திரும்பியதும் கூப்பன் கொடுத்த எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். கீழ்வீட்டு மெஹராஜ், "அவரு வந்து கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன் டீச்சர். நீங்க கேட்டீங்க" என்றாள். அடுத்த மாதம் அவள் மகள் ஷமீமாவுக்குக் கல்யாணம். இந்த முறை கூப்பன் கேட்டு யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

அந்த விளம்பரத்திலிருந்து என் பெயரையும் படத்தையும் நீக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கல்யாணத்தை நான் நம்பினேன் என்பதற்குச் சான்றாக, சேலைக்கான ரசீதை இத்துடன் இணைத்துள்ளேன். என் கூப்பனைக் கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்து முழு விலை கொடுத்து வாங்கியது அது.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் அறிந்த உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதி, திரும்ப ஒரு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பி. பானுமதி